யூதாஸ் ஏன் காட்டிக்கொடுத்தான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய வியாழன் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. மூன்று ஆண்டுகள் கூடவே நடந்தவன், கூடவே சாப்பிட்டவன், எப்படி மனம் வந்தது? வேதபாட வகுப்பு எடுப்பவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி பல உருவங்களில் வந்திருக்கிறது. அடிக்கடி வந்தவற்றுக்கு, எனக்குத் தெரிந்த அளவில், இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யூதாஸ் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இயேசுவின் பன்னிரண்டு சீடரில் ஒருவன். சீமோன் என்பவனின் மகன். காரியோத்து என்ற அடைமொழிக்குக் கீரியோத் என்ற யூதேயா ஊரைச் சேர்ந்தவன் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அது சரியென்றால், கலிலேயர் நிறைந்த அந்தக் குழுவில் அவன் வெளியூர்க்காரன். குறுவாளை மறைத்துவைத்துக் கொன்ற சிக்காரி என்ற யூதக் கலகக்காரர்களோடு அவன் பெயரை இணைக்கிற விளக்கமும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தார் வரலாற்றில் தலைகாட்டுவது இயேசுவின் காலத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. எனவே அந்த விளக்கம் எனக்கு நிற்கவில்லை.

குழுவின் பணப்பை அவன் கையில் இருந்தது. யூதரின் பஸ்கா பண்டிகைக்கு முன் தலைமை ஆசாரியரிடம் 30 வெள்ளிக்காசுக்கு ஒத்துக்கொண்டு, இரவில் கெத்செமனே தோட்டத்துக்கு ஆட்களை அழைத்துவந்து, தன் போதகரை முத்தமிட்டு அடையாளம் காட்டினான். பின்பு மனம் நொந்து பணத்தைத் திருப்பி எறிந்துவிட்டுத் தூக்கிட்டுக்கொண்டான் என்கிறது மத்தேயு (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களில் ஒன்று). நிலத்தில் தலைகீழாக விழுந்து இறந்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டையும் இழுத்துக்கட்டி ஒன்றாக்க நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

பணத்துக்காகத்தானே செய்தான்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது, மறுக்கவில்லை. அவன் திருடன், பையில் போடப்பட்டதை எடுத்துக்கொள்வான் என்று யோவான் பச்சையாகவே எழுதிவிட்டார். அந்தப் பையில் பணம் போட்டவர்களில் ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள் போன்ற பெண்கள் இருந்தார்கள் என்று லூக்காவிலிருந்து தெரிகிறது. அதாவது, அந்தப் பை அவ்வப்போது நிரம்பிக்கொண்டிருந்தது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 30 வெள்ளிக்காசு என்பது, ஒரு காசுக்கு நான்கு தினாரியு என்று வைத்தால், 120 தினாரியு. ஒரு தினாரியு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, நான்கு மாதக் கூலி. பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதத்தில் ஊற்றிய நளத தைலத்தின் விலை 300 தினாரியு என்று சொன்னது இதே யூதாஸ்தான். ஒரு குப்பித் தைலத்தின் விலையில் பாதிகூடக் கிடைக்காத பேரம் இது. தொடர்ந்து கைவைக்க ஒரு பை இருக்கும்போது, அதைக் கொண்டுவந்து தருகிற மனிதரையே நான்கு மாதக் கூலிக்கு விற்பவன் நல்ல திருடன்கூட அல்ல.

விலை அவனுக்கு முக்கியமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என்ன தருவீர்கள் என்று அவன் கேட்டான். அவர்கள் 30 என்றார்கள். மாடு முட்டிக் கொன்ற அடிமைக்கு எஜமானிடம் கட்டவேண்டிய நஷ்டஈடு 30 வெள்ளிச் சேக்கல் என்கிறது யாத்திராகமம். அந்தத் தொகைக்கு அவன் மறுபேச்சுப் பேசியதாக எங்கும் இல்லை.

அப்படியானால் ஏமாற்றமா? எதில் ஏமாந்தான்?

சுவிசேஷங்கள் இதை நேரடியாகச் சொல்வதில்லை. வரிகளுக்கு இடையில் வாசித்து எடுப்பதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லக்கூடாது.

யோவான் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் பேர் அப்பம் தின்று திருப்தியான அன்று, ஜனங்கள் இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்கப் பார்த்தார்கள். அவர் அவர்களைவிட்டு விலகித் தனியாக மலைக்குப் போய்விட்டார். ரோம ஆட்சியில் நசுங்கிக்கொண்டிருந்த ஒரு தேசத்தில், கையில் வந்த கிரீடத்தை ஒருவர் இப்படித் தட்டிவிடுகிறார். மறுநாள் கப்பர்நகூமில், என் மாம்சத்தைப் புசிக்கவேண்டும் என்று பேசுகிறார். சீடரில் அநேகர் முறுமுறுத்துக்கொண்டு பின்வாங்கிப் போனார்கள். மிஞ்சிய பன்னிருவரைப் பார்த்து, “நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ” என்று கேட்கிறார். “ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்” என்கிறான் பேதுரு. அந்தப் பதிலுக்கு அடுத்த வார்த்தையிலேயே இயேசு, உங்களில் ஒருவன் பிசாசாயிருக்கிறான் என்கிறார். யூதாசைக் குறித்தே சொன்னார் என்று யோவான் விளக்குகிறார்.

அது ஒரு பஸ்கா சமயம். காட்டிக்கொடுத்தது அடுத்த ஆண்டின் பஸ்கா. இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு! போகிறவர்களோடு போகாமல், பேதுரு சொன்னதையும் மனதாரச் சொல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறான்.

கடைசி அடி பெத்தானியாவில் விழுந்தது. தைலம் ஊற்றப்பட்டபோது இயேசு, இது என்னை அடக்கம்பண்ணுவதற்கான செயல் என்றார். மத்தேயுவும் மாற்குவும் இந்தச் சம்பவத்தை எழுதி, அதற்கு அடுத்தபடியாகவே யூதாஸ் எழுந்து ஆசாரியரிடம் போவதை எழுதுகிறார்கள். சிங்காசனத்தை எதிர்பார்த்தவன் காதில் விழுந்தது சவ அடக்கம். அதோடு ஒரு சின்ன விஷயமும் உண்டு: எல்லார் முன்னாலும் அவன் பேச்சு எடுபடவில்லை. ‘அவளை விட்டுவிடு’ என்று போதகர் ஒரு பெண்ணின் பக்கம் நின்றுவிட்டார். பெரிய கொள்கை முறிவைவிட, சபை நடுவில் பட்ட இந்த மாதிரிச் சின்ன அவமானம் அதிக தூரம் ஆளைத் தள்ளும்.

போதகரிடம் ஏமாற்றம் அடைவது பாவமா?

இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இயேசுவிடம் ஏமாந்தவர்களின் வரிசை வேதத்தில் நீளமானது.

இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானன் (சுவிசேஷம் எழுதிய யோவான் அல்ல) சிறையில் இருக்கிறான். கோடரி மரத்தின் வேரருகே வைக்கப்பட்டிருக்கிறது என்று முழங்கியவன் அவன். அந்தக் கோடரி விழவே இல்லை. சிறையிலிருந்து தன் சீடரை அனுப்பி, வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா என்று கேட்கிறான். இதைவிடக் கூர்மையான ஏமாற்றம் இருக்க முடியாது. இயேசு கோபப்படவில்லை. பதில் அனுப்பினார். அவர்கள் போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்றார்.

இயேசு உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவூருக்குப் போன இரண்டு சீடரைப் பாருங்கள். அவரே இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம் என்று, நடந்தபடியே, முன்பின் தெரியாதவராகத் தோன்றியவரிடம் கொட்டுகிறார்கள். ‘நம்பியிருந்தோம்’. இறந்தகாலம். யூதாஸ் மனதில் இருந்ததும் அதே வினைச்சொல்தான் என்று நினைக்கிறேன்.

யோவான் தன் ஏமாற்றத்தை அதற்குக் காரணமானவரிடமே அனுப்பினான். எம்மாவூர்க்காரர்கள் தங்கள் ஏமாற்றத்தை வழியில் வந்தவரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள், கேட்டவர் அவரே. யூதாஸ் அதைப் பிரதான ஆசாரியரின் வாசலுக்குக் கொண்டுபோனான். ஏமாற்றம் ஒன்றுதான். அவன் தட்டிய கதவு வேறு. யூதாசின் கதையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான். கீழே வரும் பதில்களில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் விலகிப் போயிருக்கலாமே? ஏன் காட்டிக்கொடுக்கவேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் கனமான கேள்வி இதுதான். விலகியவர்கள் உண்டு. கப்பர்நகூமில் பின்வாங்கியவர்களை யாரும் துரோகி என்று அழைப்பதில்லை, அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. பிற்காலத்தில் பவுலை விட்டுப் போன தேமா, இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போனான் என்று ஒரு வரியில் முடிந்துபோனான்.

விலகிப்போக, நான் நம்பியது தவறு என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஊரைவிட்டு, தொழிலைவிட்டுப் பின்னால் வந்த ஆண்டுகள் வீண் என்று தன்னிடமே சொல்லவேண்டும். அது தாங்காதவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது: நான் ஏமாறவில்லை, அவர் ஏமாற்றினார். அப்படி ஒருமுறை கணக்கை மாற்றி எழுதிவிட்டால், கொடுத்த ஆண்டுகளெல்லாம் கடனாகிவிடும். கடன் என்றால் வசூலிக்கவேண்டும். எந்த அளவுக்கு நம்பினோமோ அந்த அளவுக்கு வட்டி ஏறும். குருவைத் தூரத்திலிருந்து ரசித்தவனுக்கு இந்த வெறி வராது. கிட்ட இருந்தவனுக்குத்தான் வரும்.

பழைய ஏற்பாட்டில் இதற்கு நேர் முன்னோடி அகித்தோப்பேல். தாவீது ராஜாவின் ஆலோசனைக்காரன். அவன் சொல் தெய்வவாக்குக்குச் சமமாக எண்ணப்பட்டது. அப்சலோம் தகப்பனுக்கு எதிராக எழும்பியபோது அந்தப் பக்கம் போய்விட்டான். ஏன் போனான் என்று சாமுவேலின் புத்தகம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நூல் கிடக்கிறது: பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் அகித்தோப்பேலின் மகன் பெயரும் எலியாம். இருவரும் ஒருவனே என்றால், தாவீது கெடுத்த பெண் அகித்தோப்பேலின் பேத்தி. அவள் புருஷனைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றதும் அதே தாவீது. இப்படி வாசிக்கும்போது அவன் கசப்பு நமக்கே புரிகிறது. கடைசியில் அப்சலோம் அவன் ஆலோசனையைத் தள்ளிவிட்டான். அவன் கழுதையில் ஏறி ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, நான்றுகொண்டு செத்தான்.

என் அப்பம் புசித்தவன் என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான் என்ற 41ஆம் சங்கீதத்தை வாசிக்கிறவர்கள் அகித்தோப்பேலை நினைப்பதுண்டு. இயேசு கடைசி இராப்போஜனத்தில் அதே வரியை யூதாசுக்குச் சொன்னார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் மொழியிலும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அகித்தோப்பேலுக்கு நியாயமான மனக்குறை இருந்திருக்கலாம். யூதாசுக்கு இருந்ததா? ‘குற்றமில்லாத இரத்தம்’ என்று அவனே பின்னால் சொல்லிவிட்டான்.

மற்ற பதினொருவருக்கும் சந்தேகமே வரவில்லையா?

வரவில்லை. இது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்குகிற இடம். சுவிசேஷப் பட்டியல்களில் அவன் பெயர் கடைசியில் வருகிறது, காட்டிக்கொடுத்தவன் என்ற குறிப்போடு. ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு எழுதப்பட்டது. நடந்தபோது, பிரசங்கிக்கவும் பிசாசுகளைத் துரத்தவும் இரண்டிரண்டு பேராக அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன். நம்பிப் பணப்பையைக் கொடுத்திருந்தார்கள்.

உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்றபோது எல்லாரும் யூதாசைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனும் ‘ஆண்டவரே, நானோ’ என்றுதான் கேட்டான். மத்தேயு ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதுகிறார். யூதாஸ் கேட்கும்போது ‘ரபீ, நானோ’ என்கிறான். மரியாதையான சொல்தான். போதகர் என்று பொருள். ஆனால் மற்றவர்கள் ஆண்டவர் என்று அழைக்கும் மேசையில் அவன் மட்டும் அந்த அளவில் நின்றுவிட்டான். தோட்டத்தில் முத்தமிடும்போதும் ‘ரபீ’ தான்.

இயேசுவுக்குத் தெரிந்திருந்தது. ஏன் தடுக்கவில்லை?

தடுத்தார் என்றே நான் நினைக்கிறேன், கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மேசையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம். கை எட்டும் தூரத்தில்தான் யூதாஸ் இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் அவனுக்கு நேராகத் துணிக்கையைக் கொடுக்க முடிந்தது. சற்று முன்னால்தான் அவன் கால்களும் கழுவப்பட்டிருந்தன. ஆசாரியரிடம் போய்வந்த கால்கள் அவை. யாரென்று கேளும் என்று பேதுரு, இயேசுவின் மார்பருகே சாய்ந்திருந்த சீடனுக்குச் சைகை காட்டுகிறான். அந்தச் சீடன் மெல்லக் கேட்கிறான். இயேசு பெயரைச் சொல்லவில்லை. அப்பத் துணிக்கையைத் தோய்த்து யூதாசிடம் நீட்டுகிறார். விருந்து கொடுப்பவர் தன் கையால் தோய்த்து ஒருவனுக்கு ஊட்டுவது பிரியத்தின் அடையாளம். காட்டிக்கொடுக்கப்போகிறவனுக்கு அடையாளமாக அவர் தேர்ந்தது அதைத்தான். மேசையில் இருந்த மற்றவர்களுக்கு அது உபசாரமாகவே தெரிந்தது.

யூதாஸ் வாங்கிக்கொண்டான். “நீ செய்கிறதைச் சீக்கிரமாய்ச் செய்” என்றார். பண்டிகைக்கு ஏதாவது வாங்கவோ தரித்திரருக்குக் கொடுக்கவோ அனுப்புகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தைலத்தை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு வாரத்துக்குள் கேட்டவன் அவன், அதே சொல் அவனுக்குத் திரையாகிவிட்டது. அவன் வெளியே போனான். “அப்பொழுது இராக்காலமாயிருந்தது” என்று யோவான் எழுதி நிறுத்துகிறார்.

பெயரைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பேதுருவிடம் அன்று பட்டயம் இருந்தது. சில மணி நேரத்தில் ஒருவன் காதை வெட்டினான். யூதாஸ் அந்த அறையைவிட்டு உயிரோடு போனதற்கு, தன் போதகர் வாய்திறக்காததே காரணம்.

ஏன் முத்தம்? விரலால் சுட்டிக்காட்டியிருக்கலாமே?

இருட்டு, மரங்கள், ஒரே மாதிரி உடுத்திய பன்னிரண்டு பேர். பண்டிகைக் கூட்டம் கலகம் பண்ணிவிடும் என்று ஆசாரியர் பயந்தார்கள், அதனால் சத்தமில்லாமல் முடியவேண்டும். சீடன் குருவை முத்தமிட்டு வாழ்த்துவது யாருக்கும் சந்தேகம் தராத செயல். ‘காட்டிக்கொடு’ என்ற தமிழ்ச் சொல் இங்கே மூலத்தைவிடக் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒப்புக்கொடு’ என்பதுதான் நேர்ப்பொருள். பிதா தம் குமாரனை நமக்காக ஒப்புக்கொடுத்தார் என்று பவுல் ரோமருக்கு எழுதும்போதும் அதே வினைதான். தமிழிலோ காட்டுவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது. அவன் இரண்டையும் செய்தான்.

முத்தத்துக்கு இயேசு சொன்ன பதில் மத்தேயுவில் “சிநேகிதனே” என்று தொடங்குகிறது. அந்தச் சுவிசேஷத்தில் இதே கிரேக்க விளி மூன்று இடங்களில் வருகிறது: கூலி போதாதென்று முறுமுறுத்த திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு, கலியாண வஸ்திரமில்லாமல் வந்தவனுக்கு, யூதாசுக்கு. மூன்று பேருமே தப்பான பக்கத்தில் நிற்பவர்கள். கொஞ்சலும் இல்லை, ஏச்சும் இல்லை. கதவை முற்றிலும் சாத்தாமல் பேசுகிற விளி.

சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்றும், எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்றும் வேதமே சொல்கிறது. பிறகு அவன்மேல் என்ன குற்றம்?

லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இரண்டும் ஒரே வசனத்தில் நிற்கின்றன: தீர்மானிக்கப்பட்டபடி மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. ‘ஆனாலும்’ என்ற அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் கேள்வி எளிதாகிவிடும், வசனம் உடைந்துவிடும்.

ஆதிச் சபையின் இறையியலாளர் அகஸ்தீன் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு உதவியிருக்கிறது. நடந்ததை நாம் நினைவில் வைத்திருப்பதால் அது நடக்கும்படி நாம் கட்டாயப்படுத்தினோம் என்று ஆகாது. அதேபோல, நடக்கப்போவதைத் தேவன் அறிந்திருப்பதால் அது நடக்கும்படி அவர் கட்டாயப்படுத்துகிறார் என்றும் ஆகாது. தீர்மானம் என்பது அறிவைவிடக் கனமான சொல், எனவே இந்த விளக்கம் முழுக் கேள்வியையும் மூடாது. சாத்தானைப் பொறுத்தவரை, யோவான் இரண்டு படிகளாக எழுதுகிறார். முதலில் யூதாசின் இருதயத்தில் எண்ணத்தைப் போட்டான். துணிக்கையை வாங்கிய பிறகே உள்ளே புகுந்தான். இடையில் ஒருவர் அவன் கால்களைக் கழுவினார்.

நல்ல குருவாக இருந்திருந்தால் சீடன் இப்படிச் செய்வானா? தவறு குருவிடமும் இருக்காதா?

இது புதிய கேள்வி அல்ல. 2ஆம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி இதே வாதத்தை வைத்தார். நல்ல தளபதியை, ஏன் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனைக்கூட, அவன் ஆட்கள் காட்டிக்கொடுப்பதில்லை, உங்கள் இயேசுவுக்கு அந்தப் பற்றைக்கூடச் சம்பாதிக்க முடியவில்லையே என்று கேலி செய்தார். 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதில் எழுதினார்: அரிஸ்டாட்டில் பிளேட்டோவிடம் 20 ஆண்டுகள் படித்துவிட்டு அவர் கொள்கையையே தாக்கினாரே, அதனால் பிளேட்டோ மட்டமான ஆசிரியர் என்பாயா?

சாமர்த்தியமான பதில். முழுவதும் போதுமான பதில் என்று சொல்லமாட்டேன், அரிஸ்டாட்டில் பிளேட்டோவைக் கொலைக்கு ஒப்புக்கொடுக்கவில்லையே. ஓரிகன் அங்கே வேறு ஒன்றும் கவனித்தார், அது இன்னும் ஆழமானது. யூதாஸ் பணத்தைத் திருப்பி எறிந்ததே, அந்தப் போதகரின் உபதேசம் அவனுக்குள் இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்குச் சாட்சி. முழுக்க வெறுத்தவன் மனம் நோகமாட்டான்.

இயேசு புரட்சி செய்யும்படி கட்டாயப்படுத்தவே யூதாஸ் அப்படிச் செய்தான் என்கிறார்களே?

சொல்கிறார்கள். பிடிபட்டால் தூதர்சேனையை இறக்கிவிடுவார் என்று கணக்குப்போட்டான், கணக்குத் தப்பியது, அதனால் மனம் உடைந்தான் என்பது அந்த வாதம். மனஸ்தாபத்தை விளக்க வசதியாக இருக்கிறது. வசனத்தில் இதற்கு ஒரு துளி ஆதாரமும் இல்லை. விலை கேட்டு வாங்கியதை அது விளக்கவும் இல்லை.

‘யூதாசின் சுவிசேஷம்’ என்ன சொல்கிறது?

கோப்து மொழிச் சுவடி ஒன்று, 2006இல் வெளியிடப்பட்டது. கி.பி. 180 வாக்கில் ஐரேனியு என்ற ஆயர் இந்தப் பெயருள்ள நூலை ஏற்கெனவே கண்டித்திருக்கிறார். அதில் யூதாஸ் மற்றவர்களுக்குத் தெரியாத இரகசியத்தை அறிந்தவனாக வருகிறான். இரகசிய அறிவால் மீட்பு வரும் என்று நம்பிய 2ஆம் நூற்றாண்டு ஞானவாதிகளின் சிந்தனையை அறிய நல்ல ஆவணம். யூதாசை அறிய அல்ல.

பேதுருவும் அதே இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான். அவன் திருச்சபைக்குத் தூண், இவன் துரோகி. இது நியாயமா?

முதலில் ஒரு மொழி விஷயம். இன்று நாம் பேதுருவை ‘அவர்’ என்கிறோம், யூதாசை ‘அவன்’ என்கிறோம். பழைய தமிழ் வேதாகமத்தில் இருவருமே ‘அவன்’தான். அதனால்தான் நானும் இங்கே அப்படியே எழுதிவருகிறேன். ஒரே இரவு, ஒரே பட்டணம், இரண்டு சீடர்கள்.

பேதுருவின் பாவம் பயத்தில் தடுமாறியது, யூதாசின் பாவம் திட்டமிட்டது. அது ஒரு வேறுபாடு. ஆனால் இருவரும் மனம் நொந்தார்கள். யூதாசின் வருத்தத்துக்கு மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘மனந்திரும்புதல்’ என்ற வழக்கமான சொல் அல்ல என்பதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். உண்மைதான். ஆனால், முதலில் மாட்டேன் என்று சொல்லிப் பின்பு மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போன மகனுக்கும் மத்தேயு அதே சொல்லைத்தான் போடுகிறார். அகராதி மட்டும் இதைத் தீர்த்துவைக்காது.

யூதாஸ் என்ன செய்தான் என்று பாருங்கள். பாவஞ்செய்தேன் என்று அறிக்கையிட்டான். பணத்தைத் திருப்பினான். மனந்திரும்பியவன் செய்யவேண்டியதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டான். யாரிடம் செய்தான்? அதே ஆசாரியரிடம். ஏமாற்றத்தைக் கொண்டுபோன அதே கதவுக்கு மனஸ்தாபத்தையும் கொண்டுபோனான். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்றார்கள். பாவிகளின் அறிக்கையைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சொன்ன பதில் இது! பேதுருவுக்கும் போக இடம் இருக்கவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதான், பிறகு மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். கலிலேயாக் கடற்கரையில் கரிநெருப்பின் அருகே ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்கப்படும்வரை அவன் காத்திருந்தான். யூதாஸ் மூன்று நாள் காத்திருக்கவில்லை.

தவறு செய்கிற போதகரை வெளிப்படுத்துகிறவரை ‘யூதாஸ்’ என்று சொல்லலாமா?

கூடாது. சொல்கிறவர்களைக் கண்டிக்கவேண்டும். பணத்தைக் கையாடிய, பெண்களையோ பிள்ளைகளையோ கெடுத்த ஒரு போதகருக்கு எதிராக வாய்திறந்தவர்மேல் இந்தப் பெயரை எறிந்து வாயடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்ற வசனமும் கூடவே வரும்.

வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. பேதுரு அந்தியோகியாவில் தவறாக நடந்தபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தான், எல்லார் முன்னாலும். யாரும் பவுலைத் துரோகி என்று சொல்லவில்லை. யூதாசோ குற்றமில்லாதவரை, இருட்டில், விலைபேசி, முத்தத்தோடு ஒப்படைத்தான். குற்றமுள்ளவரைப் பகலில், உரிய அதிகாரத்திடம், தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே அடையாளம் காட்டுகிறவர் செய்வது இதற்கு நேர் எதிரான காரியம். உண்மையில், அப்படிப்பட்ட சபைகளில் யூதாசின் வேலையைச் செய்வது பெரும்பாலும் பையை வைத்துக்கொண்டு மௌனமாய் இருப்பவர்கள்தான்.

கொள்கை வேறுபாட்டால் ஒரு போதகரை விட்டுப் போகிறவரும் யூதாஸ் அல்ல. போகவிடுங்கள்.

யூதாஸ் என்ற பெயரால் யூதர் எல்லாரையும் பழிப்பது எப்படி வந்தது?

பெயர் ஒற்றுமையால் வந்த விஷம். யூதா என்பது அன்று மிகச் சாதாரணமான பெயர். இயேசுவின் சகோதரரில் ஒருவனுக்கும், பன்னிருவரில் இன்னொருவனுக்கும் அதே பெயர். இயேசுவும் யூதர், அழுத பேதுருவும் யூதர். இருந்தும் நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் இந்த ஒருவனை ஓர் இனத்தின் முகமாக வரைந்தார்கள். இது நம் பாவம்.

யூதாசுக்கு மன்னிப்பு உண்டா?

‘பிறவாதிருந்தால் நலமாயிருக்கும்’ என்ற இயேசுவின் சொல்லையும், ‘கேட்டின் மகன்’ என்ற சொல்லையும் வைத்து இல்லை என்று தீர்த்தவர்களே அதிகம். அந்தச் சொற்களை இலேசாக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் பிரான்சில் வெசலே என்ற இடத்துப் பேராலயத்தில், 12ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்றின் தலைப்பில் ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் யூதாஸ் தூக்கில் தொங்குகிறான், நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. மறுபக்கம் ஒருவர் அந்த உடலைத் தோளில் போட்டுத் தூக்கிப்போகிறார், மேய்ப்பன் ஆட்டைத் தூக்குவதுபோல. அவர் நல்ல மேய்ப்பன்தான் என்று பலர் வாசிக்கிறார்கள். போப் பிரான்சிஸ் இந்தச் சிற்பத்தைப்பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். செதுக்கியவர் என்ன நினைத்துச் செதுக்கினார் என்பதைக் கல்லிடம்தான் கேட்கவேண்டும். நான் அந்த மறுபக்கத்தை நம்ப விரும்புகிறேன். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, என் விருப்பமாகத்தான் சொல்கிறேன்.

அந்த 30 வெள்ளிக்காசு என்ன ஆனது?

அவன் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போனான். ஆசாரியர்கள் பொறுக்கி எடுத்தார்கள். இரத்தக்கிரயமானதால் காணிக்கைப் பெட்டியில் போடுவது நியாயமல்ல என்று, அந்த விஷயத்தில் மட்டும், நியாயப்பிரமாணத்தைப் பார்த்தார்கள். கலந்துபேசிக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். அக்கெல்தமா, இரத்தநிலம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. எருசலேமுக்கு வந்து இறந்துபோகிற, எடுத்துப்போட ஆளில்லாத அந்நியரை அடக்கம்பண்ண அந்த நிலம் பயன்பட்டது.